மார்கழி மூடுபனியில் மலைவழி: புதிதாக நடப்பவர்களுக்கு

மலையில் ஏறும்போது வழி தவறுவது குறைவு. இறங்கும்போதுதான் அதிகம் தவறும். காரணம் மலையின் வடிவத்திலேயே இருக்கிறது. அடிவாரத்தில் தனித்தனியாகத் தொடங்கும் கிளைமுகடுகள் மேலே போகப் போக ஒன்றோடொன்று கூடி உச்சியில் ஒரே முகடாகிவிடும். எந்தக் கிளையைப் பிடித்து ஏறினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். திரும்பும்போது அதே முகடு இடத்துக்கு இடம் இரண்டாகப் பிரிந்துகொண்டே போகும். ஒரு பிரிவில் பத்தடி இடப்பக்கம் ஒதுங்கிவிட்டால், அரைமணி நேரம் கழித்து வேறொரு பள்ளத்தாக்கில் நிற்பீர்கள். நம் திருநெல்வேலி மலையில் வெயில் நாளாக இருந்தால் கீழே மணிமுத்தாறு அணை எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்தே தவறைக் கண்டுகொள்ளலாம். மார்கழியில் மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகிறவரின் பை தெரிவதே பெரிது.

ஓடைகளுக்கு இது நேர்மாறு. இறங்கும்போது ஓடைகள் கூடும், ஏறும்போது பிரியும். ஓடையோரமாக ஏறுகிறவர் ஒவ்வொரு கூடுதுறையிலும் எந்தக் கிளையில் போகிறோம் என்று கவனிக்க வேண்டும். முகடு வழியே இறங்குகிறவர் ஒவ்வொரு கவட்டையிலும் கவனிக்க வேண்டும். இந்த இரண்டு இடங்களும் எங்கெங்கே வரும் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே வரைபடத்தில் குறித்து வைத்துவிட்டால், வழி அறிவதில் பாதி வேலை முடிந்தது.

முதலில் அனுமதி

பாபநாசம், மாஞ்சோலை, களக்காடு பக்கத்து மலைக்காடு 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. அனுமதியில்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்ததற்குப் பிறகு, மலையேற்றத்துக்கென்றே மாநில அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. இப்போது வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் பதிவுசெய்து, திறந்திருக்கும் பாதையில், வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். 1,868 மீட்டர் உயரமுள்ள பொதிகை உச்சிக்குக் கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து, ஜனவரியில் தொடங்கும் பருவத்தில், அந்த மாநில வனத்துறை நடப்பவர்களை அனுமதிக்கிறது.

வழிகாட்டி கூட வரும்போது வரைபடமும் காம்பஸும் எதற்கு என்று கேட்கலாம். குழு நீண்டுவிட்டால் வழிகாட்டி முன்னாலும் நீங்கள் பின்னாலும் இருப்பீர்கள். நடுவில் ஒரு வளைவும் கொஞ்சம் மூடுபனியும் இருந்தால் போதும். தவிர, தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தவர்தான் வழிகாட்டியிடம் உருப்படியாகக் கேள்வி கேட்க முடியும். இந்த மலையின் காணிப் பழங்குடி வழிகாட்டியிடம் "எவ்வளவு தூரம் அண்ணாச்சி?" என்று கேட்டால் கிடைக்கும் பதில் அவருடைய நடைக்குச் சரி, உங்கள் நடைக்குச் சரிவராது. "இன்னும் எத்தனை ஓடை தாண்டணும்? கடைசியாகத் தண்ணி பிடிக்கிற இடம் எது? அதுக்கப்புறம் பாதை எத்தனை இடத்துல பிரியும்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வரைபடத்தில் வைத்து எண்ணிப் பார்க்கலாம்.

மார்கழி, தை: எதைக் கணக்கில் எடுக்க வேண்டும்

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் திருநெல்வேலியில் சூரியன் காலை ஏறக்குறைய 6.30-க்கு எழுந்து மாலை 6.05-ஐ ஒட்டி மறைகிறது. இது சமவெளிக் கணக்கு. நமக்கு மலை மேற்கே இருக்கிறது, நடப்பது அதன் கிழக்குச் சரிவில். செங்குத்தான சரிவுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் நாலரை மணிக்கே சூரியன் முகட்டுக்குப் பின்னால் போய்விடும். மேலே கிளைகள் மூடிய சோலைக்காடாக இருந்தால் இருட்டு இன்னும் முந்தும். எனவே மாலை 4 மணிக்குக் காட்டுக்கு வெளியே இருக்கிற மாதிரி நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். காலை 7 மணிக்குப் புறப்பட்டால் 11.30 திரும்பும் நேரம். உச்சி இருநூறு மீட்டரில் தெரிந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிட வேண்டும். கடைசிக் கால்மணி நேரத்துக்கு ஆசைப்படும் இடத்தில்தான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது.

மூடுபனி இங்கே இரண்டு விதமாக வரும். காற்றில்லாத இரவில் பள்ளத்தாக்கில் தேங்கும் பனி காலை வெயில் ஏறியதும் கலைந்துவிடும், அதற்காகக் காத்திருக்கலாம். மற்றது வடகிழக்கிலிருந்து ஈரக்காற்று கிழக்குச் சரிவில் மோதி மேலேறிக் குளிர்ந்து உண்டாகும் மேகம். மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கு, ஊத்து பகுதிகளில் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்க்கும் மழைக்கும் இதே ஏற்பாடுதான் காரணம். இந்த மேகம் பகலில் சரிவு சூடேறிய பிறகு முகட்டில் கூடும், காத்திருந்தாலும் போகாது. காலையில் தெளிவாக இருந்த முகடு மதியம் மூடிக்கொள்வதால், பாதையை ஏறும்போது நன்றாகப் பார்த்து, இறங்கும்போது பார்க்காமல் நடக்க வேண்டியிருக்கும். ஏறும்போதே அடிக்கடி நின்று திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது பாதை அந்தக் கோலத்தில்தான் தெரியும். பிரிவு வரும் இடங்களில் திரும்பி நின்று ஒரு படமும் எடுத்துக்கொள்ளலாம்.

குளிர் பற்றிச் சுருக்கமாக. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். இங்கே உறைபனி கிடையாது. ஆனால் தூறலில் நனைந்து காற்றில் நின்றால் உடல் நடுங்கத் தொடங்கும். நடுங்குகிறவருக்கு எண்கள் குழம்பும், திசை எடுக்கத் தவறுவார். காம்பஸைக் கையில் வைத்திருப்பவர் நனையாமல் இருப்பது முக்கியம்.

சூரியனை வைத்துத் திசை பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மார்கழியில் சூரியன் நேர் கிழக்கில் எழுவதில்லை. கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே தள்ளி எழுகிறது, மறையும்போதும் அதே அளவு தெற்கே தள்ளியே மறைகிறது. எழும் இடத்தைக் கிழக்கென்று வைத்து ஒரு கிலோமீட்டர் நடந்தால் 400 மீட்டர் விலகிவிடுவீர்கள். நடுப்பகல் நிழல் நம்பகமானது. டிசம்பர் கடைசியில் திருநெல்வேலியில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12.20-க்கு, அப்போது நட்ட குச்சியின் நிழல் நேர் வடக்கைக் காட்டும். இரவு முகாமில் திருவாதிரை நட்சத்திரத்துக்கு அருகே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களைப் பாருங்கள். அவை ஏறக்குறைய நேர் கிழக்கில் எழுந்து நேர் மேற்கில் மறையும். துருவ நட்சத்திரத்தைத் தேட வேண்டாம், இந்த அகலாங்கில் அது அடிவானத்துக்கு மேலே சுமார் 9 டிகிரிதான் உயரும். நீட்டிய கையின் ஒரு முட்டி அளவுக்கும் குறைவு, மரம் மறைத்துவிடும்.

வரைபடம்

சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் பதிவுசெய்து பொதுப் பயன்பாட்டு வரைபடத் தாள்களைப் பெறலாம். 1:50,000 அளவுத் தாளில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ., 1 மி.மீ. என்பது 50 மீ. பழுப்பு நிறத்தில் நெளிந்து போவது சமஉயரக் கோடு. கோடையில் காரையாறு அணையில் நீர் இறங்கும்போது சுற்றிலும் சரிவில் வளையம் வளையமாக நீர்க்கறை தெரியும். ஒவ்வொரு வளையமும் ஒரு சமஉயரக் கோடுதான். இந்தத் தாள்களில் அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே உயர வேறுபாடு 20 மீட்டர். ஐந்தாவது கோடு ஒவ்வொன்றும், அதாவது நூறு மீட்டருக்கு ஒன்று, தடிப்பாக இருக்கும்.

கோடுகளின் நெருக்கம் சரிவைச் சொல்லும். இரண்டு கோடுகளுக்கு நடுவே 2 மி.மீ. இருந்தால் சரிவு 11 டிகிரி, சாதாரணமாக நடக்கலாம். 1 மி.மீ. என்றால் 22 டிகிரி, மூச்சு வாங்கும். அரை மி.மீ. என்றால் ஏறக்குறைய 39 டிகிரி, ஈரத்தில் கை ஊன்றாமல் இறங்க முடியாது. கோடு காட்டாதது ஒன்றும் உண்டு. 15 மீட்டர் செங்குத்துப் பாறை இரண்டு கோடுகளுக்கு இடையே முழுதாக மறைந்துவிடும். வரைபடத்தில் ஒழுங்கான சரிவாகத் தெரிந்த இடத்தில் நேரே பாறை விளிம்பில் போய் நிற்கக்கூடும் என்பதை மறக்கக் கூடாது.

முகட்டையும் ஓடையையும் பிரித்தறிவதுதான் புதியவர்களுக்கு முதல் தடை. இரண்டிலும் கோடுகள் முனையாக வளையும். வளைவின் முனை உயரமான பக்கத்தைக் காட்டினால் அது ஓடைப் பள்ளம், தாழ்வான பக்கத்தைக் காட்டினால் அது கிளைமுகடு. எண்ணைப் பார்க்காமல் வளைவை மட்டும் பார்த்து முடிவு செய்தால் மலை தலைகீழாகிவிடும். இரண்டு முகடுகளுக்கு நடுவில் தாழும் இடம் கணவாய், நாற்புறமும் கோடு மூடினால் அது குன்று. இவ்வளவு போதும் தொடங்க.

தண்ணீர் ஆண்டு முழுதும் ஓடும் ஓடைகளை நீலத்திலும், வற்றிப்போகும் ஓடைகளைக் கறுப்பிலும் வரைந்திருப்பார்கள். மார்கழியில் கறுப்பு ஓடைகளும் ஓடிக்கொண்டிருக்கும். "மூன்றாவது ஓடையில் இடப்பக்கம்" என்று நீலத்தை மட்டும் எண்ணிக் குறித்து வைத்தால், தரையில் ஐந்தாவது ஓடையாக அது வரலாம். அணைக்கரையும் அப்படியே. வரைபடத்தில் உள்ளது ஒரு குறிப்பிட்ட நீர்மட்டம், பருவமழை முடிந்து அணை நிறைந்திருக்கும்போது கரை வேறு இடத்தில் இருக்கும்.

பாதைகளை வரைபடம் காட்டும், ஆனால் அவற்றை நம்பிப் போக வேண்டாம். பழைய எஸ்டேட் பாதைகள் இரண்டு மழைக்காலத்தில் மூடிப்போகும். வரைபடத்திலேயே இல்லாத அருமையான பாதைகளோ நிறைய இருக்கும், அவை யானைத் தடங்கள். அகலம், மிதமான சாய்வு, மிதித்து இறுகிய மண், கிளை ஒடிந்து திறந்த வழி. மனிதப் பாதையைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் அது போவது ஈத்தை என்ற சிறுமூங்கில் காட்டுக்கோ தண்ணீருக்கோ. நடந்துகொண்டிருக்கும் பாதை திடீரென்று அகலமாகி, வெட்டுக்கத்தி பட்ட அடையாளம் எதுவும் இல்லாமல், பிண்டமும் தோல் உரசிய மரமும் தென்பட்டால், நின்று கடைசிப் பிரிவுக்குத் திரும்புங்கள். வழி தவறிய கவலை போதாதென்று யானையும் சேர வேண்டாம்.

காம்பஸ்

நடைக்கு ஏற்றது ஒளிபுகும் பிளாஸ்டிக் தட்டின்மேல் சுழல்வட்டம் பொருத்திய வகை. தட்டில் ஒரு அம்பு, வட்டத்தில் 0 முதல் 360 வரை எண்கள் (வடக்கு 0, கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270), வட்டத்தின் அடியில் இணைகோடுகள், நடுவே சிவப்பு முனை வடக்கைக் காட்டும் ஊசி. திசை எடுப்பது மூன்றே வேலை. தட்டின் ஓரத்தை வரைபடத்தில் நிற்கும் இடத்திலிருந்து போகும் இடத்துக்குப் பொருத்தி வையுங்கள், அம்பு போகும் பக்கம் பார்க்கட்டும். வட்டத்தைத் திருப்பி இணைகோடுகளை வரைபடத்தின் வடக்குத் தெற்குக் கோடுகளுக்கு இணையாக்குங்கள், வடக்குக் குறி மேலே இருக்கட்டும். பிறகு காம்பஸை மார்புக்கு நேரே தட்டையாகப் பிடித்து, சிவப்பு முனை வட்டத்தின் வடக்குக் குறியில் விழும்வரை உடம்போடு திரும்புங்கள். தட்டின் அம்பு காட்டுவது உங்கள் வழி, அதற்கு நேரே வட்டத்தில் வரும் எண் அந்த வழியின் திசை.

தவறுவது எங்கே? அம்பைத் திருப்பி வைத்தாலோ, வடக்குக் குறியைக் கீழே வைத்தாலோ 180 டிகிரி பிழை வரும். வேலை முடிந்ததும் "மேற்கே போகிற வழி, 250-க்கும் 290-க்கும் நடுவில் வர வேண்டும்" என்று மனக்கணக்கில் ஒருமுறை ஒத்துப்பாருங்கள், இது பிடிபட்டுவிடும். போன், ஹெட்லைட், காந்தப் பூட்டு வைத்த கைப்பை இவற்றை ஊசியிலிருந்து அரை மீட்டர் தள்ளி வையுங்கள். ஒரு கையில் போன், மறுகையில் காம்பஸ் என்று நின்றால் ஊசி போனின் பேச்சைக் கேட்கும்.

வெளிநாட்டுக் கையேடுகளில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டுக்குத் திருத்தம் செய்யச் சொல்லிப் பக்கம் பக்கமாக இருக்கும். திருநெல்வேலிப் பக்கம் அந்த வேறுபாடு 2 டிகிரிக்குள் அடங்கும். ஒரு கிலோமீட்டருக்கு 35 மீட்டர்தான் வரும், நம் நடைப்பிழையே அதைவிட அதிகம். தொடக்கத்தில் விட்டுவிடலாம். இந்த ஊருக்கு இன்னொரு வசதி உண்டு. புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் இங்கே ஊசி கிட்டத்தட்டத் தட்டையாகவே நிற்கும். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் கிருஷ்ணாபுரத்தில் ஆய்வுக்கூடம் வைத்திருப்பதும் அதனால்தான். ஐரோப்பாவுக்கென்று எடை சமன்செய்த காம்பஸை உறவினர் வாங்கி வந்திருந்தால் இங்கே அதன் தென்முனை சாய்ந்து வட்டத்தில் உரசக்கூடும். வாங்கும்போது எந்தப் பகுதிக்கு ஆனது என்று பார்த்து வாங்குங்கள்.

வழித்தாள்

புறப்படும் முந்திய இரவு வழியைத் துண்டுகளாக வெட்டி ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு துண்டு ஒரு கிலோமீட்டர் சொச்சம். ஒவ்வொன்றுக்கும் தூரம், ஏற்றம், திசை, திரும்பும் திசை, நேரம். இவற்றோடு மூன்று அடையாளங்கள்: பக்கத்திலேயே கூட வருவது எது, வந்து சேர்ந்ததைச் சொல்வது எது, தாண்டிவிட்டதைச் சொல்வது எது. மாதிரிக்கு ஒன்று:

முகாம் முதல் இரண்டாம் ஓடை வரை. 1.6 கி.மீ., ஏற்றம் 80 மீ., திசை 265, திரும்ப 85, நேரம் 40 நிமிடம். வலக்கைப் பக்கம் பெரிய ஓடையின் சத்தம் கூடவே வரும். ஓடைக்கு முன் பாதை சிறிது இறங்கும். மரங்கள் தீர்ந்து புல்வெளி வந்துவிட்டால் தாண்டிவிட்டோம்.

மூன்றாவது அடையாளம்தான் மதிப்பு மிக்கது. அதை எழுதாமல் போகிறவர்கள் தவறை ஒரு மணி நேரம் கழித்து உணர்கிறார்கள், எழுதியவர்கள் பத்து நிமிடத்தில் உணர்கிறார்கள்.

நேரம் எப்படி வந்தது? 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மணிக்கு 5 கி.மீ., அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல், அதாவது 10 மீட்டருக்கு 1 நிமிடம். அது திறந்த மலையில் வலுவாக நடப்பவருக்கு. வேரும் வழுக்குப் பாறையும் அட்டையும் உள்ள நம் காட்டில் மணிக்கு 3 கி.மீ. என்று வையுங்கள், ஏற்றத்துக்கு அதே 10 மீட்டருக்கு 1 நிமிடம். 1.6 கி.மீ.க்கு 32 நிமிடம், 80 மீட்டருக்கு 8 நிமிடம், ஆக 40. செங்குத்தான ஈர இறக்கத்துக்கு ஏறிய நேரத்தையே போடுங்கள். இறக்கம் சீக்கிரம் முடியும் என்று நம்பி மாலையைக் குறுக்கிக்கொள்கிறவர்கள் ஏராளம்.

திரும்பும் திசைக்கு 180 கூட்ட வேண்டும், 180-க்கு மேல் இருந்தால் கழிக்க வேண்டும். இதை வீட்டிலேயே செய்துவிடுங்கள். நனைந்து நின்றுகொண்டு கழித்தல் போடுவது வம்பு.

பாதையில்

ஒவ்வொரு துண்டைத் தொடங்கும்போதும் நேரத்தைத் தாளில் எழுதுங்கள். நாற்பது நிமிடம் என்று கணக்கிட்டது அறுபதாகியும் ஓடை வரவில்லை என்றால் ஏதோ தவறு. "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போம்" என்ற பேச்சு எழும் இடம் அதுதான்.

மூடுபனியில் தூரத்தை அடி எண்ணித்தான் அளக்க வேண்டும். இடக்கால் ஊன்றும்போது மட்டும் எண்ணுங்கள். சமதரையில் நூறு மீட்டருக்கு 60 முதல் 65 வரும், ஏற்றத்தில் 80, 90 என்று கூடும். அவரவர் எண்ணிக்கையை முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும். நூறு மீட்டர் ஆனதும் ஒரு புளியங்கொட்டையை வலப்பையிலிருந்து இடப்பைக்கு மாற்றுங்கள். பேசிக்கொண்டே நடந்தாலும் கொட்டை கணக்கை மறக்காது.

காம்பஸை எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் காட்டில் 5 டிகிரி விலகுவது சாதாரணம். கிலோமீட்டருக்கு அது 90 மீட்டர். ஓடையில் உள்ள ஒரு மரப்பாலத்துக்கு நேராகக் குறிவைத்து நடந்து, ஓடைக்கு வந்ததும் பாலம் இல்லை என்றால், அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. அதனால் வேண்டுமென்றே 10 டிகிரி இடப்பக்கம் தள்ளிக் குறிவையுங்கள். ஓடையைத் தொட்டதும் வலப்பக்கம் திரும்பினால் பாலம் வந்துதான் தீரும். நேர்த்தியாகக் குறிவைப்பதைவிடத் தெரிந்தே தப்பாகக் குறிவைப்பது நல்லது என்பதைப் புதியவர்கள் ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

மேகம் சில நிமிடம் விலகினால் அதை வீணாக்காதீர்கள். வரைபடத்தில் உள்ள இரண்டு உச்சிகளை, அல்லது ஓர் உச்சியையும் ஓர் அணையின் முனையையும் காம்பஸால் பாருங்கள். ஒவ்வொன்றின் திரும்பும் திசையையும் வரைபடத்தில் அந்த உச்சியிலிருந்து கோடாக இழுத்தால், கோடுகள் வெட்டும் இடம் நீங்கள் நிற்கும் இடம். இரண்டுக்கும் இடையே 60 முதல் 120 டிகிரி கோணம் இருந்தால் வெட்டும் புள்ளி தெளிவாக விழும். எந்த உச்சி என்று அடையாளம் தெரியாமல் செய்தால் பயன் இல்லை. பொதிகையின் பல தலைகளும் ஒரே பக்கத்திலிருந்து பார்க்கும்போது ஒன்றையொன்று மறைத்து ஏமாற்றும்.

ஒன்றுமே தெரியாதபோதும் ஒரு தடயம் மிஞ்சும், சரிவின் முகம். சரிவில் நேர் கீழே பார்த்து நின்று அந்தத் திசையை எடுங்கள். 40 டிகிரி வந்தால் நீங்கள் வடகிழக்கு பார்த்த சரிவில் நிற்கிறீர்கள். வரைபடத்தில் உங்கள் வழியில் வடகிழக்காகச் சாயும் இடங்கள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். தென்கிழக்கே சரிய வேண்டிய இடத்தில் வடகிழக்கே சரிகிறதென்றால், தவறான கிளைமுகட்டில் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள். முகட்டுக் கவட்டைகளில் இந்தச் சோதனையைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செய்யலாம், அரை நிமிட வேலை.

பார்வை மிகவும் குறைந்துவிட்டால் ஒருவர் பின்னால் நின்று காம்பஸைப் பிடிக்க, இன்னொருவர் கண்ணுக்குத் தெரியும் எல்லைவரை முன்னால் போகட்டும். "இடம், இன்னும் இடம், நில்" என்று திருத்தி நிறுத்தி, பின்னவர் அவரிடம் போய்ச் சேர்ந்து மறுபடி அனுப்ப வேண்டும். மெதுவான வேலைதான், ஆனால் வழி வளையாது.

போன், உயரமானி

போன் வேண்டும், போன் மட்டும் போதாது. டவர் இல்லாத இடத்தில் அது டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்னும். ஃப்ளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கிவிட்டு, ஃப்ளைட் மோடில் போட்டு, பிளாஸ்டிக் உறையில் உள்பையில் வையுங்கள். அடர்ந்த காட்டிலும் ஒடுங்கிய பள்ளத்திலும் புள்ளி பல மீட்டர் தள்ளிக் காட்டும். இரண்டு முகட்டுப் பிரிவுகள் அருகருகே இருக்கும் இடத்தில் அந்தப் பிழை போதும் ஏமாற. பாதையில் நின்று திரையைப் பார்ப்பதைவிட, திரையில் கிடைத்த இடத்தைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்து நடப்பது மேல்.

கைக்கடிகாரத்தில் காற்றழுத்த உயரமானி இருந்தால் மூடுபனியில் அது பெரிய துணை. முகட்டில் இறங்கும்போது உயரம் தெரிந்தால் வரைபடத்தில் இடம் தெரிந்துவிடும். ஆனால் வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் தினமும் ஏறி இறங்கும். காலை 10 மணிவாக்கில் உச்சம், மாலை 4 மணிவாக்கில் தாழ்வு, நடுவில் சுமார் 3 மில்லிபார் வித்தியாசம். ஒரு மில்லிபார் ஏறக்குறைய 8, 9 மீட்டருக்குச் சமம். அதாவது காலையில் சரிசெய்த கடிகாரம், நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தாலும் மாலையில் 25 மீட்டர் ஏறிவிட்டதாகச் சொல்லும். வரைபடத்தில் ஒரு கோட்டுக்கு மேல் பிழை. உயரம் தெரிந்த ஒவ்வோர் இடத்திலும், ஓடைக் கூடுதுறை, கணவாய் எதுவானாலும், மறுபடி சரிசெய்யுங்கள்.

தவறிவிட்டால்

நின்றுவிடுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, நேரத்தை எழுதி, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எவ்வளவு நேரம் நடந்தோம் என்று பேசுங்கள். பத்து நிமிடத்துக்குமேல் ஆகாது. வந்த வழி தெரிந்தால் அந்த இடத்துக்கே திரும்புங்கள். ஏற்றமாக இருந்தாலும் சரி.

ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்ற பேச்சை இந்த மலையில் கேட்காதீர்கள். தாமிரபரணியும் மணிமுத்தாறும் சமவெளிக்குத்தான் வருகின்றன, ஆனால் பாணதீர்த்தம், அகத்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி என்று குதித்து வருகின்றன. பெயரில்லாத அருவிகள் அதைவிட அதிகம். பாசிப்பாறையில் கொஞ்சம் இறங்கியபின் கீழேயும் போக முடியாமல் மேலேயும் ஏற முடியாமல் மாட்டிக்கொள்வதுதான் வழக்கமான முடிவு. தண்ணீர்ச் சத்தத்தில் விசில் கேட்காது, யானை வருவதும் கேட்காது. ஓடையை விட்டு எட்ட, திறந்த இடத்தில் இருங்கள். ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் அடித்து, ஒரு நிமிடம் பொறுத்து, மறுபடி அடியுங்கள். டவர் கிடைத்தால் 112. தேட ஆள் பிரித்து அனுப்ப வேண்டாம், தொலைந்தவர் ஒருவர் இருவராவார்.

வடக்கே உறைபனி மலைக்குப் போகிறவர்களுக்கு

உத்தராகண்டின் கேதார்கந்தா போன்ற குளிர்கால நடைகளுக்கு இங்கிருந்தும் நிறையப் பேர் ரயிலேறுகிறார்கள். மேலே சொன்னது அத்தனையும் அங்கே பொருந்தும், சில மாறும். பாதையே உறைபனிக்குக் கீழே இருக்கும். முன்னால் போனவரின் காலடித்தடம் வழி ஆகாது, அவரும் தவறியிருக்கலாம், புதுப்பனி விழுந்தால் அதுவும் மறையும். டிசம்பரில் மாலை 5.20-க்கே சூரியன் மறைந்துவிடும், முழங்கால் ஆழப் பனியில் நடை பாதியாகும். வானமும் தரையும் ஒரே வெள்ளையாகிவிட்டால் மேடு பள்ளம் தெரியாது, காற்று மறைவுப் பக்கம் முகட்டுக்கு வெளியே பனி விளிம்பு நீண்டு நிற்கும், அதன்மேல் கால் வைத்தால் விழும். முகட்டின் நடுக்கோட்டை விட்டுக் காற்று வந்து மோதும் பக்கமாகத் தள்ளி நடக்க வேண்டும்.

பனிச்சரிவு சரிந்து விழும் ஆபத்து பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிச் சரிவில். இமயமலைத் தாள்களில் கோட்டு இடைவெளி 40 மீட்டராக இருப்பதுண்டு, ஓரக்குறிப்பில் பாருங்கள். 1:50,000 தாளில் 40 மீட்டர் கோடுகள் 1.4 மி.மீ.க்குக் குறைவாக நெருங்கினால் சரிவு 30 டிகிரிக்கு மேல், வழியைச் சுற்றிக்கொண்டு போடுங்கள். அங்கே காந்தச் சாய்வு, அதாவது காந்தப்புலம் தரையை நோக்கிச் சாயும் கோணம், 45 டிகிரிக்கு மேல் என்பதால் இங்கே தட்டையாக நின்ற ஊசி வடமுனை சாய்ந்து உரசலாம், உலகெங்கும் பயன்படும் வகை ஊசி வாங்குவது நல்லது. பேட்டரி குளிரில் சட்டென்று தீரும், போனை உடம்போடு ஒட்டி வையுங்கள்.

பழகிப்பார்க்க

இதற்குக் காட்டுக்குள் போக வேண்டியதில்லை. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் வயல்வெளியில் நின்றால் மலைவரிசை முழுதும் மேற்கே தெரியும். தெளிவான காலை ஒன்றில் இரண்டு உச்சிகளை எடுத்து நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, போனில் சரிபாருங்கள். 1:50,000 தாளில் 2 மி.மீ.க்குள், அதாவது நூறு மீட்டருக்குள் வந்தால் நல்ல தொடக்கம். உச்சி தொலைவாக இருக்க இருக்கப் பிழை பெருகும் என்பதும் அப்போதே தெரியும். கால்வாய்க் கரையில் நூறு மீட்டர் அளந்து அடி எண்ணுங்கள், போகவும் வரவும் மூன்று முறை. பிறகு கடையம் பக்கத்தில் தோரணமலைப் படியில் ஏறும்போது அதே எண்ணிக்கை எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து, வழித்தாளின் மூலையில் எழுதி வையுங்கள்.